ஹைட்ரேஞ்சியாவுக்குக் கவாத்து

என் மனைவி பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த அன்று, மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கியதும் இரண்டு பெட்டிகளையும் என்னிடம் கொடுத்தாள். கையில் இருந்த பெயிண்ட் வாளியை மட்டும் கொடுக்கவில்லை. வாளிக்குள் ஒரு செடி இருந்தது. கோத்தகிரியில் அவள் குடியிருந்த வீட்டின் வாசலில், உருண்டை உருண்டையாக நீலப் பூ வைத்துக்கொண்டு நிற்கும் ஹைட்ரேஞ்சியாவிலிருந்து எடுத்து வளர்த்த செடி. மலையிலிருந்து பஸ்ஸில் மடியிலும், கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் காலுக்கடியிலும் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். கத்திரி முடிந்தும் வெயில் முடியாத வாரம் அது. எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குக் கிழக்கே ஏழெட்டு கிலோமீட்டர். வாடகைக் கார் வீட்டு வாசலில் நின்றபோது செடியின் இலைகள் எல்லாம் துவண்டு வாளியின் விளிம்பில் தொங்கின.

"இது ஒரு வாரம் தாங்காது" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்னைப் பத்தியும் நான் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு வர்றேன்" என்றாள்.

குளித்து, மோர் குடித்து, கொஞ்சம் ஆறியபிறகு அவளே பேச்சை எடுத்தாள். "ஒரு வருஷம் இருந்து பாக்குறேங்க. அடுத்த வைகாசி வரைக்கும். மேல அந்த வீட்டை நான் இன்னும் விடலை. சாவி எங்கிட்டதான் இருக்கு. இங்க ஒத்துக்கிச்சின்னா இருக்கேன், இல்லேன்னா அங்கயே போயிடுறேன். அப்ப வந்து சண்டை போடக் கூடாது, அதுக்குத்தான் முன்னாடியே சொல்றேன்."

நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். எங்களுக்குள் பிணக்கு எதுவும் கிடையாது. கல்யாணமான எட்டாவது வருஷம் அவளுக்கு நீலகிரியில் அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்தது. என் அப்பா ஊரார் வயலில் கூலிக்கு நாற்று பறித்தவர். அவர் நின்ற அதே வயலில் மூன்றரை ஏக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி எங்கள் பெயருக்கு ஆக்கியிருந்தேன். தமிழ் பி.ஏ. படித்துவிட்டு வரப்பில் நிற்கிறானே என்று ஊர் கேலி பேசியபோதும் எனக்கு அந்த வரப்புதான் பெருமையாக இருந்தது. அவளுக்கு வேலையை விட மனசில்லை, எனக்கு நிலத்தை விட மனசில்லை. அவள் மேலே, நான் கீழே. மகள் அவளோடு வளர்ந்து, படித்து, இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். பள்ளி விடுமுறைக்கு அவர்கள் வருவார்கள். நான் வருஷத்துக்கு ஒருமுறை போய் இரண்டு நாள் இருந்து, குளிருது என்று புலம்பி, மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுவேன். இப்படியே இருபத்திரண்டு வருஷம் போயிற்று. ஓய்வு பெற்றதும் அவள் இங்கேதான் வருவாள் என்பதை நான் ஒருநாளும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே முடிவு செய்தேன். இந்தச் செடியைப் பிழைக்க வைத்துவிட வேண்டும். செடி நின்றால் அவளும் நிற்பாள். முட்டாள்தனமான கணக்குதான், ஆனால் என் கைக்கு எட்டியது அது ஒன்றுதான். முப்பது வருஷம் பயிர் வைத்தவனுக்கு ஒரு பூச்செடி என்ன பெரிய விஷயம் என்ற திமிரும் இருந்தது.

கொல்லையில் கிழக்குப் பார்த்த சுவரோரம் ஒரு இடம் உண்டு. காலை வெயில் மட்டும் விழும், உச்சிக்குப் பிறகு வீட்டின் நிழல். அங்கே நாலு மூங்கில் நட்டுப் பச்சை வலை கட்டி, அதன்மேல் தென்னங்கீற்றும் போட்டேன். வாளியிலிருந்து பெரிய மண்தொட்டிக்கு அவளே மாற்றினாள். அதற்கு மேல் தண்ணீர் என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

நெல் வைத்தவன் கையில் தண்ணீரைக் கொடுத்தால் என்ன ஆகும்? கட்டி நிறுத்துவான். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, தட்டு நிறையத் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் இலைகள் தொங்கும். தாகம் என்று இன்னும் இரண்டு செம்பு ஊற்றுவேன். சாயங்காலம் நிமிர்ந்திருக்கும். நான் ஊற்றியதால் நிமிர்ந்தது என்று எனக்குள் ஒரு சந்தோஷம். பத்து நாளில் அடி இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. மண்ணைக் கிளறி முகர்ந்து பார்த்தவள், "சேறு வாடை அடிக்குது. வேரு அழுகுதுங்க" என்றாள்.

"தண்ணி இல்லாமத்தானே மத்தியானம் தொங்குது?"

"தண்ணிக்குத் தொங்கலை. வெயிலுக்கு ஒடுங்குது. இவ்ளோ பெரிய இலை, வேரால அந்த வேகத்துக்கு ஏத்திக் குடுக்க முடியலை. சாயங்காலம் தன்னால நிமிர்ந்துதுன்னா ஒண்ணும் பண்ண வேணாம். சாயங்காலமும் தொங்குனா அப்ப ஊத்துங்க."

தட்டை எடுத்துவிட்டேன். மண்ணுக்குள் விரலை விட்டு, இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால்தான் தண்ணீர் என்று சட்டம் போட்டாள். அந்த விரல் சோதனை எனக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது.

மத்தியானம் அவளும் அப்படித்தான் ஒடுங்கினாள். பன்னிரண்டு மணிக்குமேல் முகம் சுருங்கி, தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்துவிடுவாள். நான் வந்து நிற்பேன். இளநி வேண்டுமா? கூலர் வாங்கட்டுமா? ஃபேனை இன்னும் கூட்டவா? தலைவலியா? பத்து நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. ஒருநாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அஞ்சு மணிக்கு நானே எந்திரிப்பேன். அதுவரைக்கும் கொஞ்சம் சும்மா இருங்களேன்." நான் வெளியே போய் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டேன். மாடு விற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் ஒதுங்க ஒரு இடம் வேண்டுமே.

அடுத்த தொல்லை போர் தண்ணீர். எங்கள் ஊர் போரில் வரும் தண்ணீரைப் பாத்திரத்தில் வைத்துக் காயவிட்டால் வெள்ளையாகத் திட்டுப் படியும். அதை ஊற்ற ஊற்றப் புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளிறி வந்தன. மலை மண் புளிப்பாம், நம் மண்ணும் தண்ணீரும் சுண்ணாம்பாம், இந்தச் செடிக்குப் புளிப்புத்தான் ஒத்துக்கொள்ளுமாம். வகுப்பு எடுப்பதுபோலவே சொன்னாள். மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததும், தினமும் காலையில் பைக்கின் பின்னால் இரண்டு கேன் கட்டிக்கொண்டு போய் வாய்க்கால் தண்ணீர் எடுத்துவந்தேன். நாற்றங்காலுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்தில் மடையருகே குனிந்து கேனில் மொண்டுகொண்டிருந்தால் ஊர் சும்மா விடுமா?

"என்ன, வயலுக்கு வாய்க்காலு, வீட்டுக்கு கேனா? யாருக்குக் கொண்டு போறீங்க?"

"வீட்டுல ஊட்டிப் பூ வெச்சிருக்கு."

"பூவுக்கா, பூவைக் கொண்டாந்தவங்களுக்கா?"

பைக்கை உதைத்தேன். மடைக்கு அந்தப் பக்கம் நின்ற நாலு பேரும் சிரித்தது வெகுதூரம் கேட்டது. அந்தக் கேலியில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. பூவைக் கொண்டு வந்தவளுக்குத்தான் என்று கத்திச் சொல்லியிருக்கலாம் என்றுகூடப் பிறகு தோன்றியது.

ஐப்பசி மழை வந்தது. அதற்குப் பிறகு செடிக்கு நாங்கள் யாரும் தேவைப்படவில்லை. கூரைத் தண்ணீர் டிரம்மில் நிறைந்தது. செடி தொட்டியை மறைத்து விரிந்து, ஒவ்வொரு இலையும் என் உள்ளங்கையை மூடும் அளவுக்கு வந்தது. அவளும் தெளிந்தாள். காலையில் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கொல்லையில் நின்று காபி குடிப்பாள். இந்தச் சாரலுக்கு ஸ்வெட்டரா என்று கேலி செய்தேன். "இருக்கட்டும், பழக்கம் விட்டுப்போயிடக் கூடாது" என்றாள். பழக்கம் எதற்கு விடக் கூடாது என்று எனக்குள் உடனே கணக்கு ஓடியது. அந்த வருஷம் முழுக்க அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் போவாளா இருப்பாளா என்ற தராசில்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில், கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவர் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டார் என்று பத்து நாள் மேலே போனாள். அவள் திரும்பி வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் கொல்லையில் ஏழு மல்லிகைச் செடிகள் உண்டு. எங்கள் பக்கம் மல்லிகை வைத்திருக்கிற யாரும் மார்கழியில் கத்தரியோடுதான் நிற்பார்கள். தண்ணீரை நிறுத்தி, முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிட்டால், மாசி பங்குனியில் துளிருக்குத் துளிர் மொட்டு வெடிக்கும். வெட்ட வெட்டத்தான் பூ. வெட்டாத மல்லிகை கொடியாக ஓடிக்கொண்டிருக்குமே தவிர பூக்காது. ஏழு செடிக்கும் கவாத்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, எட்டாவதாக ஹைட்ரேஞ்சியா நின்றது. மழையில் தளதளவென்று இலையாக மட்டுமே வளர்ந்து, ஒரு பூ இல்லாமல். எனக்குக் கை அரித்தது. இத்தனை நாளாக இது ஏன் தோன்றவில்லை என்று என்னையே கடிந்துகொண்டேன். தை பிறந்ததும் துளிர் விடும், பங்குனியில் பூத்துக் குலுங்கும், வைகாசி வருவதற்குள் அவள் மனசு மாறிவிடும்.

ஒரு சாண் விட்டு எல்லாக் கிளைகளையும் நறுக்கினேன். வெட்டியதைக் குப்பைமேட்டில் போட்டேன். தொட்டியைச் சுற்றி அடுப்புச் சாம்பலும் தூவினேன். அது சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பு என்பது அப்போது தெரியாது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எட்ட நின்று பார்த்தேன். முடி வெட்டிய பையனைப் போலச் சுத்தமாக இருந்தது.

அவள் புத்தாண்டு கழித்து வந்தாள். போகும்போது ஒரு பைதான் இருந்தது, வரும்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் சேர்ந்திருந்தது. முகத்தில் ஒரு மலர்ச்சி. வண்டியிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, "இருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், செடியப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று நேராகக் கொல்லைக்குப் போனாள்.

நான் பின்னாலேயே போனேன், பாராட்டு வாங்க.

அவள் தொட்டியின் முன்னால் நின்றாள். பிறகு குப்பைமேட்டுக்குப் போய், மார்கழிப் பனியில் இன்னும் முழுக்க வாடாமல் கிடந்த கிளைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அதன் நுனியில் விரல் வைத்தாள். அங்கே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு பருத்த மொட்டு, இரண்டு இலைக்கு நடுவில் இறுக மூடி இருந்தது.

"இது மல்லி இல்லீங்க. போன வருஷத்துக் கிளை நுனியிலதான் இதுக்குப் பூ. மழைக்காலம் முழுக்க வளர்ந்து, இந்தப் பனியிலதான் மொட்டே கட்டும். பங்குனியில விரிஞ்சிருக்கும்."

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றேன்.

"தெரியும். நீங்க எப்பவும் நல்லதுக்குத்தான் செய்வீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு நாளில் சரியாகியிருக்கும். அந்த 'எப்பவும்' என்ற சொல் எங்கே போய்த் தைத்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் சொல்லி, மனைவிக்கு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கு மாறுதல் ஏற்பாடு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. ஆர்டர் கையில் வரும்போது ஆச்சரியப்படட்டும் என்று இருந்தேன். ஆச்சரியப்பட்டாள்தான். பள்ளி ஆண்டு நடுவில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிட்டு, மகளையும் இடம் மாற்றிக்கொண்டு வர அவளால் முடியவில்லை. தனியாக அலைந்து, யார் யாரிடமோ கெஞ்சி, அந்த ஆர்டரை ரத்து செய்துகொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் போனில் அவள் என்னிடம் பேசியது சாப்பிட்டீங்களா, மழை பெஞ்சுதா, அவ்வளவுதான். நான் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. நல்லது செய்யப் போய்ப் பொல்லாப்பு வந்ததே என்று என் மேலேயே இரக்கப்பட்டுக்கொண்டேன். பதினைந்து வருஷம் கழித்து, வெட்டிய செடியின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு அது வெட்கமாக இருந்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று அவள் வந்தாளோ, அது அன்று வரவில்லை. நானும் கேட்கவில்லை. போவதற்குத் தேதி குறித்துவிட்டாள், அதைச் சொல்லத்தான் வந்தாள் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவள் குப்பைமேட்டுக் கிளைகளையெல்லாம் பொறுக்கிக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு கணு விட்டு வெட்டி, மொட்டைக் கிள்ளி எறிந்து, பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கி, ஆற்று மணல் போட்ட தயிர் டப்பாக்களில் போத்து நட்டாள். டிரம்மில் இருந்த மழைத்தண்ணீரைத் தெளித்து, பாதியாக அறுத்த தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்து மூடினாள். பத்தொன்பது போத்து. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் என்ன பண்ணணும்?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள்.

ஒன்றும் பண்ணாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அந்தத் தை மாதத்தில் தெரிந்துகொண்டேன். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மெஷினுக்குக் காத்திருந்து, களத்தில் நெல்லைக் காயவைத்து, பனியில் நனையாமல் மூடி, வீட்டுக்கு வந்ததும் நேராகப் போத்துகளிடம் போவேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். வேர் விட்டிருக்கிறதா என்று ஒன்றையாவது பிடுங்கிப் பார்க்க வேண்டும்போல இருக்கும். பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் அதற்கு முன் அவ்வளவு அடக்கமாக நான் இருந்ததில்லை. பத்தொன்பதில் எட்டு அழுகின. பதினொன்று வேர் பிடித்தன. பழைய செடியும் வெட்டிய இடத்துக்குக் கீழே துளிர்த்தது, சாம்பலை அவள் வழித்து எறிந்த பிறகு.

பூத்ததா என்று கேட்பீர்கள். அந்த வருஷம் பூக்கவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், அதற்கு அடுத்த பங்குனியில் பூத்தது. பூ என்றால் கோத்தகிரி வாசலில் நிற்பதுபோல இல்லை, ஒரு தேங்காய் மூடி அளவுக்கு, இரண்டே இரண்டு. அவை நீலமாகவும் இல்லை. நம் மண்ணின் சுண்ணாம்பு ஏறி வெளிர் ரோஸாக விரிந்தன. ஊரில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டு, இதுக்குத்தானா இத்தனை கேன் தண்ணி என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல, அதற்கு முந்தின சித்திரையில் நடந்தது.

சித்திரை வந்ததும் மறுபடியும் வெயில் ஏறியது. வயல் வெடித்துக் கிடந்தது. உளுந்தும் எடுத்தாயிற்று, வாய்க்காலில் தண்ணீர் வர இன்னும் நாள் இருந்தது. வைகாசி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பூ வந்து அவளை நிறுத்தும் என்று இருந்தேன், அந்தப் பூவை என் கையாலேயே நறுக்கி எறிந்தாயிற்று. இனி எதைச் சாக்கிட்டு அவளை இருக்கச் சொல்வது? இருக்கச் சொல்லலாமா என்பதே சந்தேகமாகிவிட்டது. மத்தியானத்தில் துவண்டு படுத்திருப்பவளைப் பார்க்கும்போது, இங்கே இழுத்து வைத்து வாட்டுகிறோமே என்று இருந்தது. அவள் மேலேயே நன்றாக இருப்பாள். ஆனால் அவள் இல்லாத வீட்டில் இன்னொரு முறை நான் தனியாக இருக்க முடியாது. இருபத்திரண்டு வருஷம் இருந்தேன்தான், அதெல்லாம் இந்த ஒரு வருஷத்துக்கு முன்னால்.

ஒருநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன், அவள் போத்துகளைச் சின்னத் தொட்டிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அது அவள் எடுத்துக்கொண்டு போகத்தான் என்று நினைத்தேன். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வரப்பில் நடந்துகொண்டே நாலு நாள் ஒத்திகை பார்த்த பேச்சு, அங்கே உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"ஒண்ணு கேக்கணும்" என்றேன். "சொல்றேன்னு நெனைக்காத. கேக்குறேன்."

அவள் கை நின்றது.

"நீ மேல போறதா இருந்தா, நானும் கூட வரலாமா? வயலு சும்மாதான் கிடக்கு. தண்ணி வர்ற வரைக்கும் இருந்துட்டு வர்றேன். வருஷா வருஷம் கோடைக்கு வர்றேன். வேணாம்னு நீ சொன்னாலும் சரிதான். நான் எந்த ஏற்பாடும் பண்ணலை. யாருகிட்டயும் சொல்லலை. உங்கிட்டதான் மொதல்ல கேக்குறேன்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியதா, சிரிப்பு வந்ததா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"எங்க வருவீங்க? அந்த வீட்டுக்கு வேற ஆளு குடிவந்து நாலு மாசம் ஆவுது."

எனக்குப் புரியவில்லை. "வேற ஆளா?" என்றேன்.

"கிறிஸ்துமஸுக்குப் போனேன்ல? அப்பவே சாவியக் குடுத்துட்டேன். இருக்குற சாமானை டீச்சருக்குக் குடுத்துட்டு, புத்தகத்தை மட்டும் எடுத்துக்கிட்டு வந்தேன்."

நான் வெட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவள் அங்கே வீட்டைக் காலி செய்துகொண்டிருந்திருக்கிறாள். தை, மாசி, பங்குனி, சித்திரை என்று நாலு மாசம் நான் பயந்து செத்தது அத்தனையும் வீண். கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை.

"ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் அன்னிக்கு ஓடி வந்தேன். கொல்லையில வந்து பாத்தேன்." மண் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போவணும்னு இல்லை. இருக்கப்போறேன்னு சொல்லத்தான் வாய் வரலை. சொல்லிட்டா, அப்புறம் எல்லாத்தையும் பழையபடி நீங்களே முடிவு பண்ண ஆரம்பிச்சிடுவீங்கன்னு பயமா இருந்துது. ஒரு தடவையாச்சும் எங்கிட்ட கேப்பீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

மன்னிப்பு என்ற சொல்லை நான் அதுவரை புத்தகத்தில் படித்திருக்கிறேனே தவிரச் சொன்னதில்லை. மாறுதல் ஆர்டருக்கும் செடிக்கும் சேர்த்து அன்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, தடுமாறித்தான் சொல்லியிருப்பேன். அவள் ஒரு தொட்டியில் மண்ணை அழுத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கோடைக்கு வர்றேன்னீங்களே, அது நெசமா?" என்றாள் அடுத்த தொட்டியை இழுத்துக்கொண்டே. "டீச்சர் வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு. கேட்டா குடுப்பாங்க. ஒரு மாசம் போயிட்டு வரலாம். மூணாம் நாளே குளிருதுன்னு கிளம்பக் கூடாது."

"கிளம்ப மாட்டேன்."

"செடிக்கெல்லாம் என்ன பண்றது?"

"அதுக்கென்ன, நான் பக்கத்து வீட்டுல சொல்லி, வலையை இன்னும் ரெண்டு சுத்துக் கட்டி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன். அவள் தலை நிமிராமல் காத்திருந்தாள்.

"நீ சொல்லு" என்றேன்.